ஐந்து விளக்குகள்

கிரீன் சர்க்கிள் பக்கம், மாடியில் இருந்தது கடை.
"கொசு பறந்தாக்கூட
தெளிவா கேக்கும் சார்" என்றான் பையன்.
அதை அவன் உதட்டிலிருந்துதான் படித்தேன்.
எப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு
என் முழங்கையில் கிள்ளினாள்.

ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில்
ஷேவிங் மெஷினை ஒட்டிப் பதினோரு வருஷம் நின்ற காது.
இடது முழுசாகப் போயிற்று.
வலதில் மிச்சம் இருப்பது
தள்ளி எங்கோ யாரோ அரிசி புடைக்கிற மாதிரி ஒன்று.
படுக்கும்போது கருவியைக் கழற்றினால் அதுவும் கிடையாது.

மாதத்தில் பத்து நாள் அவளுக்கு நைட் டூட்டி.
அந்தப் பத்து ராத்திரியும்
நானும் ஏழு மாசத்து ஜோவிதாவும்.
பக்கத்திலேயே போட்டுக்கொண்டு படுக்கலாமே என்பார்கள்.
படுத்தோம்.
இருட்டில் ஒரு முழம் தள்ளி அவள் அழுதது
எனக்குக் காட்பாடிக்கு அந்தப் பக்கம்.
விடியற்காலை வந்த எப்சிபா
குழந்தையின் கன்னத்தில் காய்ந்திருந்த உப்பை
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அன்று சாயங்காலமே கடைக்குக் கிளம்பினோம்.

கேமரா வைத்தது எட்டாயிரத்து நானூறு.
போனிலேயே பார்க்கலாமாம்.
"நாம பாக்கறத எவன் எவன் பாப்பானோ" என்று தள்ளி வைத்தாள்.
காலில் மாட்டும் சாக்ஸ் ஒன்று, நாடித்துடிப்பு காட்டும்.
அதை அவள் தொடவே இல்லை.
வார்டில் அந்த எண்களோடுதான் அவள் பிழைப்பு.
வீட்டுக்கும் வேண்டாம் என்றாள்.

அடியில், தூசி படிந்த பெட்டியில், பழைய மாடல்.
நெற்றியில் வரிசையாக ஐந்து விளக்கு,
தலையணைக்கடியில் வைக்க அதிரும் வட்டு.
பையனுக்கே அது இருப்பது தெரியாது.
"சத்தம் சுமார்தான் சார்" என்றான் தயங்கி.
அதைத்தான் எடுத்தோம்.

அறை இருபத்தெட்டு டிகிரி தாண்டினால்
எச்சரிக்கை அடிக்குமாம்.
எந்தக் குளிர்காரன் செய்தானோ!
வேலூர் மே மாசம். நடுநிசியிலும் சுவர் சுட்டது.
வட்டு ராத்திரி முழுக்கத் தலைக்கடியில் துள்ளியது.
அணைக்கிற வழி
கையேட்டில் பதினேழாம் பக்கம், பொடி எழுத்தில்.

அப்புறம் கூட்ஸ் வண்டி.
இரண்டே முக்காலுக்குத் தண்டவாளம் குலுங்க
கட்டில் குலுங்கும், வட்டும் குலுங்கும்.
பதறி எழுந்து விளக்கைப் போட்டால்
அவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருப்பாள்.
நாலு ராத்திரியில் பழகிவிட்டது.
ரயில் என்றால் ஐந்தும் ஒன்றாக ஏறி
ஒன்றாக இறங்கும்.

அவள் அப்படி இல்லை.
பசி, ஒவ்வொரு விளக்காக ஏறும்,
நடுவில் மூன்றில் நின்று யோசிக்கும்.
வயிற்று வலி எடுத்த எடுப்பில் சிவப்பு.
ஈரத்துணிக்கு இரண்டு, இரண்டு, இரண்டு,
முணுமுணுக்கிற கிழவன் மாதிரி.
எப்சிபாவிடம் சொன்னேன், நம்பவில்லை.
அவளுக்கு எல்லாமே அழுகை.

போன வியாழன், வெளுக்கும் நேரம்.
மூன்று விளக்கு. அணைந்தது.
மறுபடி மூன்று. அணைந்தது.
புதுசு.
என் பட்டியலில் இல்லாதது.
கால் தடுக்கி, கொசுவலையைக் கிழித்துக்கொண்டு
தொட்டிலைக் குனிந்து பார்த்தேன்.

மேலே ஃபேன் இறக்கையில்
ஒட்டடை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.
அதைப் பார்த்து உடம்பெல்லாம் குலுங்க
சிரித்துக்கொண்டிருந்தாள்.

டூட்டி முடிந்து வந்தவள்
ஷூவைக் கழற்றாமலே கேட்டாள்,
"பாப்பா ராத்திரி என்ன பண்ணா?"
அவள் உள்ளங்கையைப் பிரித்து
மூன்று முறை தட்டினேன். நிறுத்தினேன்.
மூன்று முறை தட்டினேன்.
"அப்டின்னா?"

சொல்லலாம்தான்.
ஆனால் முதல் சிரிப்பு.
அவளுக்கு முன்னால் எனக்கு வந்தது.
காபி போட்டுக் கொடுக்கும்வரை
அதை நானே வைத்துக்கொண்டேன்.